போர்ட்டிகோவில் நின்ற வண்டி: பழைய ஹாட் ஹேட்ச்பேக் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கம் ஒரு வீட்டுப் போர்ட்டிகோவில்தான் அந்த ஃபோக்ஸ்வாகன் போலோவை முதலில் பார்த்தேன். 2014 மாடல் ஜி.டி. டி.எஸ்.ஐ. (டர்போ பெட்ரோல் எஞ்சின்), சிவப்பு நிறம். மீட்டரில் 31,000 கிலோமீட்டர். வீட்டுக்காரருக்குச் சவுதியில் வேலை. அவருடைய மாமனார்தான் சாவியை எடுத்து வந்தார். "தம்பி, இது லீவு வண்டி. வருசத்துல ஒரு மாசம் ஓடும். மீதி நாளெல்லாம் துணி போட்டு மூடித்தான் கெடக்கும். வண்டி கொள்ளாம்," என்றார், நல்ல வண்டி என்ற பொருளில்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நான் அதைப் புரிந்துகொண்ட விதம்தான் தவறு. ஓடாத வண்டி தேயாத வண்டி என்று நினைத்து, அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன். அடுத்த ஏழு மாதத்தில் அதற்குச் செலவானது, வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. இன்று அது அருமையான வண்டி. விடிகாலையில் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டிக் காவல்கிணறு பக்கம் நான்குவழிச் சாலையில் ஏறும்போது அது இழுக்கிற இழுப்பை இப்போதும் ஒவ்வொரு முறையும் ரசிக்கிறேன். ஆனால் அந்தச் செலவில் பாதியை விலை பேசும்போதே குறைத்திருக்கலாம். மாவட்டத்தில் இதே மாதிரி வண்டி தேடுகிற தம்பிமார் அடிக்கடி என்னிடம் கேட்பதால், அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஹாட் ஹேட்ச்பேக் என்றால், சந்தைக்குப் போய்வருகிற அளவுள்ள சின்ன வண்டி. ஆனால் எஞ்சினும் சஸ்பென்ஷனும் ஓட்டுவதில் ஆசை உள்ளவர்களுக்காகச் செய்தவை. ஐரோப்பாவில் 1976-ல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. இந்த வகைக்குப் பேர் வாங்கித் தந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன். நம் நாட்டில் 2000-களின் தொடக்கத்தில் ஃபியட் பாலியோ 1.6 அந்த ஆசையைக் கிளப்பிவிட்டது. அப்புறம் 2013-ல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. (105 குதிரைத்திறன்), 2015-ல் 145 குதிரைத்திறன் கொண்ட ஃபியட் அபார்த் புன்டோ, 2017-ல் மாருதி பலேனோ ஆர்.எஸ்., 2018-ல் கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனத்தோடு சேர்ந்து டாடா செய்த டியாகோ ஜே.டி.பி. என்று வரிசையாக வந்தன. இவை எல்லாம் இப்போது புதிதாகக் கிடைக்காது. பழையதைத்தான் தேட வேண்டும்.

இந்த வண்டிகளில் வயது ஏற ஏறக் குறைவது வண்டியின் விலை மட்டும்தான். உதிரிபாகத்தின் விலை குறையாது. 2013-ல் 7.99 லட்சம் ஷோரூம் விலைக்கு வந்த போலோ இன்று அதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. அதன் கியர்பாக்ஸ் பாகத்துக்கு எந்தக் கடையிலும் பாதி விலை கிடையாது. நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன. கையில் நான்கு லட்சம் இருந்தால் நான்கு லட்சத்துக்கு வண்டி தேடக் கூடாது. மூன்று லட்சத்துக்கு வண்டி பாருங்கள். மீதி ஒரு லட்சம் முதல் வருடத்துக்கு.

குறைந்த கிலோமீட்டரை நம்பி வாங்குவது

நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு வெளிநாட்டு வேலை, கப்பல் வேலை. அதனால் லீவு வண்டிகள் இங்கே நிறையக் கிடைக்கும். பார்க்க அழகாக இருக்கும், சீட்டில் கவர் கூடப் பிரிக்காமல் இருக்கும். ஆனால் கார் என்பது ஓடினால் நன்றாக இருக்கிற பொருள். ஓடும்போதுதான் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகும், ரப்பர் சீல் ஈரமாக இருக்கும், பிரேக் டிஸ்கில் துரு படியாமல் தேய்ந்து போகும், பேட்டரி சார்ஜ் ஏறும். பதினோரு மாதம் நின்றால் இது எல்லாமே நின்றுவிடும்.

என் வண்டியில் என்ன நடந்திருந்தது என்று சொல்கிறேன். டயர்களின் பட்டன் (தரையில் படுகிற மேடுகள்) புதுசு போல இருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒருநாள் டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படித்தேன்: 0914. முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு வருடம். அதாவது 2014-ம் ஆண்டின் ஒன்பதாவது வாரத்தில் செய்த டயர், வண்டியோடு வந்தது. பக்கச்சுவரில் நகத்தால் அழுத்தியபோது கோடு கோடாக வெடிப்பு விரிந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய ஒரு வண்டிக்கு அந்த டயரை வைத்திருப்பது உயிரோடு விளையாடுகிற காரியம். நான்கையும் மாற்றினேன். பட்டன் எவ்வளவு இருந்தாலும், ஆறேழு வருடம் தாண்டிய டயரை மாற்றுவதற்கான பணத்தை விலையில் கழித்தே பேசுங்கள்.

அடுத்தது எஞ்சின் மேலே உள்ள பிளாஸ்டிக் கவர். வாங்கும்போது யாரும் அதைக் கழற்றிப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை. முதல் சர்வீஸில் மெக்கானிக் அண்ணன் அதைத் தூக்கியதும், உள்ளே கைப்பிடி அளவு தென்னந்தும்பு, கூடவே பாதி கடித்த கொல்லமாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) தொலி. எலி குடும்பமாகவே இருந்திருக்கிறது. இக்னிஷன் காயிலுக்குப் போகிற ஒயர்களில் ஒன்று செம்பு தெரிகிற அளவுக்குக் கடிபட்டு, வேறொரு ஒயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மழை நாளில் மட்டும் வண்டி தட்டித் தட்டி ஓடியதற்கு அதுதான் காரணம். அந்தக் கவர் கையால் இழுத்தாலே வந்துவிடும். விற்கிறவரிடம் அனுமதி கேட்டுக் கழற்றிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

பின்பக்க பிரேக் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மாதக்கணக்கில் நிறுத்தியதால் வந்தது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நான்கு வீலின் அருகிலும் புறங்கையை வைத்துப் பார்த்தால், ஒன்று மட்டும் சூடாக இருப்பது தெரிந்துவிடும். டேங்கில் பழைய பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் ஓ-ரிங்குகளையும் சீக்கிரம் கெடுக்கும். இப்போது பம்புகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பத்து வருடத்துக்கு முந்தைய வண்டி அதற்காகச் செய்ததில்லை. ஆகவே எரிபொருள் குழாய்களைக் கையால் வளைத்துப் பாருங்கள். விறைத்துப் போயிருந்தாலும், பெட்ரோல் வாடை அடித்தாலும் முதல் வாரத்திலேயே மாற்றுங்கள். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கிலோமீட்டர் குறைவாக இருப்பது கெட்டது என்று நான் சொல்லவில்லை. 31,000 ஓடிய வண்டியை விட, ஒரே ஆளிடம் 80,000 ஓடி, வருடந்தோறும் எண்ணெய் மாற்றிய பில்களோடு வருகிற வண்டிக்கு நான் இன்று அதிகம் கொடுப்பேன். சர்வீஸ் பில்களில் இருக்கிற கிலோமீட்டரும் மீட்டரும் ஒத்துப்போகிறதா என்பதையும் அப்போது பார்த்துவிடலாம்.

கீழே குனிந்து பார்க்காமல் முன்பணம் கொடுப்பது

இந்த மாவட்டத்தில் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு இது. சுமார் 72 கிலோமீட்டர் கடற்கரை நமக்கு. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, இரண்டும் இங்கே பெய்யும். மணவாளக்குறிச்சி, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் நிற்கிற வண்டியின் மேல் உப்புக் காற்று ராத்திரி பகல் இல்லாமல் படியும். மேலே பெயிண்ட் இருப்பதால் தெரியாது. அடியில் தெரியும்.

உப்பு படிந்த இரும்பு வெயில் நாளிலும் காய்வதில்லை. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதோடு, துரு பிடிக்கிற வேலையையும் வேகப்படுத்தும். அதனால்தான் ஒரே வயதுள்ள இரண்டு வண்டிகளில் ஒன்று மலையோரக் குலசேகரத்திலும் இன்னொன்று கடற்கரையிலும் நின்றிருந்தால் அடிப்பகுதியில் பத்து வருட வித்தியாசம் தெரியும். வண்டி எங்கே ஓடியது என்று எல்லாரும் கேட்கிறோம். எங்கே நின்றது என்று கேளுங்கள்.

என் வண்டியை மார்த்தாண்டத்தில் ஒரு வொர்க்ஷாப்பில் லிஃப்டில் ஏற்றியபோது, அடிப்பகுதி முழுக்கக் கறுப்பாகப் பளபளத்தது. அண்டர்பாடி கோட்டிங் புதிதாக அடித்திருந்தார்கள். எனக்கு அது நல்ல அடையாளமாகப் பட்டது. மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து, இடப்பக்கம் ஜாக்கி வைக்கிற மடிப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உப்பலை மெதுவாகக் குத்தினார். முனை அரை அங்குலம் உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது தேயிலைத் தூள் மாதிரி துரு கொட்டியது. "மக்கா, துருவுக்கு மேல தார் பூசிருக்கானுவ. வெளிய உள்ள தண்ணி உள்ள போவாது, உள்ள போன தண்ணி வெளியயும் வராது," என்றார். அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்ட் செய்ய வேண்டியதாயிற்று. அதிர்ஷ்டவசமாக, எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்குகிற சட்டமான சப்ஃபிரேம் தப்பியது. அது போயிருந்தால் வண்டியையே விட்டிருக்க வேண்டும்.

ஆகவே லிஃப்டில் ஏற்றாமல் எந்த வண்டிக்கும் பணம் கொடுக்காதீர்கள். ஏற்ற விடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஏற்றியதும் பார்க்க வேண்டியவை: சப்ஃபிரேமும் அதன் போல்ட்டுகளும், லோயர் ஆர்ம் (வீலைக் கீழிருந்து பிடித்திருக்கிற கை), சைலன்சர் குழாயின் இணைப்புகள், பிரேக் பைப், ஸ்பிரிங் உட்காருகிற தட்டு, கதவுக்குக் கீழ் ஓடுகிற மடிப்பு. மேலே பானட்டைத் திறந்து பேட்டரி உட்காருகிற தட்டு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி எடுத்து அந்தக் குழியின் அடி. மேலாகத் தெரிகிற செம்மண் நிறத் துரு பயப்பட வேண்டியதில்லை, தேய்த்தால் போகும். உப்பியிருப்பதும், அடுக்கடுக்காக உரிவதும், தட்டினால் சத்தம் மந்தமாக வருவதும்தான் கவனிக்க வேண்டியவை.

வாங்கிய பிறகு துருவை எப்படிக் கையாளுவது என்பதிலும் இதே தவறு நடக்கிறது. வாங்கின மறுநாளே கோட்டிங் அடிக்கக் கொண்டுபோகிறார்கள். முதலில் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, துருவை மாற்றுகிற மருந்து தடவி, எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன் பிறகே கோட்டிங். கதவுக்குக் கீழ் உள்ள பொந்துகளுக்குள் மெழுகு ஸ்பிரே அடிக்க வேண்டும். துரு உள்ளே இருந்துதான் வெளியே வரும். கழுவுவதற்குக் கடற்கரை ஊர்களின் போர்வெல் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், அதிலேயே உப்பு இருக்கும். சொத்தவிளை, சங்குத்துறை என்று கடற்கரைக்கு ஓட்டிப் போய் வந்தால், மேலே துடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அடியில் தண்ணீர் அடித்துவிடுங்கள்.

சூடான எஞ்சினைக் கேட்டுவிட்டுத் திருப்தி அடைவது

நாம் போகும்போது வண்டி ஏற்கனவே ஸ்டார்ட் ஆகி நிற்கும். மரியாதைக்கு என்று நினைப்போம். பானட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் ஐந்து நொடியில் எல்லா உண்மையையும் சொல்லிவிடும். எஞ்சினுக்குள் இருக்கிற டைமிங் சங்கிலியின் கடகட சத்தம், டர்போவின் சீல் போயிருந்தால் சைலன்சரில் நீலப் புகை, ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் வெள்ளைப் புகையும் இனிப்பு வாடையும் குளிரில்தான் தெளிவாகத் தெரியும்.

போலோ ஜி.டி. வாங்குகிறவர்கள் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸைத் தனியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது சாதாரண ஆட்டோமேட்டிக் மாதிரி வேலை செய்வதில்லை. உள்ளே இரண்டு உலர் கிளட்ச்; ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. ஏழு கியரையும் மெக்கட்ரானிக் என்கிற ஒரு பெட்டி, கம்ப்யூட்டரும் எண்ணெய் அழுத்தமும் சேர்ந்து, மாற்றுகிறது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் அந்தக் கிளட்ச் சூடாகித் தேயும். மெக்கட்ரானிக் போனால் புதியதுக்குச் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டும்.

இதைச் சோதிக்க நல்ல சாலை தேவையில்லை, கெட்ட சாலைதான் தேவை. சாயங்காலம் ஆறு மணிக்கு மார்த்தாண்டம் சந்தைப் பக்கமோ நாகர்கோவில் வேப்பமூடு பக்கமோ அரை மணி நேரம் ஊர்ந்து ஓட்டுங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது உடம்பு குலுங்குகிறதா? ரிவர்ஸ் போட்டதும் ஒரு இடி இடிக்கிறதா? கியர் காட்டும் எழுத்துகள் மின்னுகின்றனவா? அப்புறம் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற ஏற்றத்தில் நிறுத்தி, மெதுவாக எடுங்கள். கடைசியாக, இந்த வண்டிக்கேற்ற ஸ்கேனர் வைத்திருக்கிறவரிடம் கொண்டுபோய்ப் பிழைக் குறியீடுகளைப் படித்து, அச்செடுத்து வாங்குங்கள். சோதனைக்கு முந்தின நாள்தான் பிழைகளை அழித்திருக்கிறார்கள் என்றால் அதுவும் பெரும்பாலும் தெரியும். இத்தனைக்கும் செலவு ஆயிரம் இரண்டாயிரம்தான்.

அபார்த் புன்டோவில் கியர் கையால்தான். இந்தக் கவலை இல்லை. அதில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்குப் பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, முதல் வேலையாக அதை மாற்றுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து எஞ்சினே போய்விடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2018 ஆகஸ்டில் கேரளம், 2021 நவம்பரில் நம் மாவட்டம், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி. சுற்றிலும் வெள்ளம் பார்த்த ஊர்கள். அந்த வண்டிகளில் சில துடைத்து, வாசனைத் திரவியம் அடித்து விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டை அடி வரைக்கும் முழுக்க இழுத்துப் பாருங்கள். கடைசி இரண்டடியில் சேற்று நிறத்தில் ஒரு கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் அந்தச் சுருளுக்குள் யாரும் கழுவுவதில்லை. சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் வாங்கிவிட்டுக் காகிதத்தை மறப்பது

களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் கேரளம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஒன்றும் தூரமில்லை. அங்கே இந்த வண்டிகள் அதிகம், விலையும் சில நேரம் குறைவாக இருக்கும். ஆனால் கேரளத்தின் கே.எல். எண் வண்டியை நம் ஊரில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் டி.என். 74 அல்லது டி.என். 75 எண்ணுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு அங்கிருந்து படிவம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், கடன் இருந்து அடைத்திருந்தால் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் வங்கியின் பேரை நீக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30. புது எண்ணுக்கு 27. இங்கே வண்டியின் வயதைப் பொறுத்து லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும். அங்கே கட்டியதில் மீதி வருடங்களுக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம். கையில் வருகிற வரை அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். "என்.ஓ.சி. நான் எடுத்துத் தாறேன், வண்டிய கொண்டு போங்க" என்று புரோக்கர் சொன்னால், பணத்தில் ஒரு நல்ல பங்கை என்.ஓ.சி. வருகிறவரை நிறுத்தி வையுங்கள்.

இன்சூரன்ஸ் காகிதம் இன்னொரு கதை சொல்லும். நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் என்றிருந்தால் தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் எடுக்கவில்லை என்று பொருள். பத்து வருட வண்டியில் அது பூஜ்யமாக இருந்தால், போன வருடம் என்ன நடந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தப் போனஸ் பழைய ஓனருக்குத்தான் சொந்தம், வண்டியோடு உங்களுக்கு வராது. பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். பாலியோ மாதிரி பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்றால், ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று முதலில் பாருங்கள்.

பலேனோ ஆர்.எஸ். பார்க்கிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 2016 அக்டோபர் 27 முதல் 2019 நவம்பர் 1 வரை செய்த 7,213 வண்டிகளை பிரேக்கின் வேக்குவம் பம்ப்புக்காக மாருதி 2023 ஏப்ரலில் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கிற வண்டியில் அந்த வேலை முடிந்ததா என்று சேஸிஸ் எண்ணை வைத்து எந்த ஷோரூமிலும் கேட்கலாம்.

பாகம் கிடைக்குமா என்று கேட்காமல் வாங்குவது

ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை 2019-ல் நிறுத்திவிட்டது. எஞ்சின் பாகங்கள் ஓரளவு கிடைக்கும். ஆனால் அபார்த்தின் ஹெட்லைட், பம்பர், கண்ணாடி போன்றவற்றுக்குக் கோயம்புத்தூர், கொச்சி என்று அலைய வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன்பே மூன்று பாகங்களின் பேரை எழுதிக்கொண்டு கடைகளுக்குப் போன் செய்யுங்கள்: முன் கண்ணாடி, ஹெட்லைட், லோயர் ஆர்ம். என்ன விலை, எத்தனை நாள் என்று பதில் வந்த பிறகு முடிவெடுங்கள். உங்கள் ஊரில் அந்த வண்டியைத் திறந்து பார்த்த அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் இருக்கிறாரா என்பதும் அதே அளவு முக்கியம். எனக்கு அப்படி ஒருவர் மார்த்தாண்டத்தில் கிடைத்ததால்தான் இந்த வண்டி இன்று ஓடுகிறது.

முதல் பணத்தை வேகத்துக்குச் செலவழிப்பது

வண்டி வீட்டுக்கு வந்ததும் மனசு முதலில் போவது சைலன்சருக்கும், பெரிய அலாய் வீலுக்கும், எஞ்சின் ரீமேப்புக்கும் (எஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றி வலுவைக் கூட்டுவது). எனக்கும் போனது. பையன்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: ஒரு வருடம் பொறுங்கள். அந்த வண்டிக்கு வேகம் பிறக்கும்போதே இருந்தது. இத்தனை வருடத்தில் தேய்ந்தது, அந்த வேகத்தைத் தாங்குகிற பாகங்கள்.

ரப்பர் விளைகிற மாவட்டம் இது. காரிலும் முதலில் வயதாவது ரப்பர்தான். எஞ்சின் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், கூலன்ட் குழாய், டர்போவுக்குப் போகிற காற்றுக் குழாய். இவற்றை மாற்றிய நாளில் என் வண்டி வேறு வண்டியாக மாறியது. ஸ்டியரிங்கில் இருந்த தளர்ச்சி போயிற்று. வில்லுக்குறி வளைவில் முன்பக்கம் அலைவது நின்றது. எஞ்சினில் கை வைக்காமலேயே வண்டி வேகமாக ஓடுவது போலிருந்தது.

அதோடு திரவங்கள் எல்லாம். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். லீவு வண்டிகளில் பலதில் கம்பெனி ஊற்றியதே இருக்கும். எஞ்சின் ஆயில் கையேட்டில் சொன்ன தரத்தில்தான் வேண்டும், டி.எஸ்.ஐ.க்கு வி.டபிள்யூ. 502 00 என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா பாருங்கள். கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள், வேறு நிறக் கூலன்ட்டையும் கலக்காதீர்கள். அலுமினிய எஞ்சினை உள்ளிருந்து அரிக்கிறது அதுதான்.

ரீமேப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: போலோவின் ஏழு கியர் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வரைக்கும் தாங்கச் செய்தது. கம்பெனி தருவது 175. ரீமேப் செய்தால் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய்விடும். புது கிளட்ச்சில் அது பரவாயில்லை. பத்து வருடம் தேய்ந்த கிளட்ச்சில் செய்தால் மறு மாதமே வழுக்கும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கம்பெனி கொடுத்த வடிவத்தை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. அதைவிட நான் பயப்படுவது, விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் சொல்லாத மாற்றத்தைக் காட்டிக் கையை விரிப்பதற்கு. வண்டியைத் தாழ்த்துகிற ஸ்பிரிங் பற்றி நான் பேசவே வேண்டாம். நம் ஊர் வேகத்தடைகளைப் பார்த்தாலே போதும்.

மழை நின்றதும் மறந்துவிடுவது

முன் கண்ணாடிக்குக் கீழே, பானட்டின் பின்பக்கம், வைப்பர் இருக்கிற இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. கண்ணாடியில் விழுகிற மழைத் தண்ணீர் அங்கே இறங்கி, இரண்டு ஓரத்திலும் உள்ள துளை வழியாகத் தரைக்குப் போகும். இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி, ஏ.சி. காற்று போகிற வழியாக வண்டிக்குள் இறங்கும். பக்கத்து சீட்டின் கால்மிதிக்கு அடியில் கார்ப்பெட் ஈரமாவது பெரும்பாலும் இப்படித்தான். அந்தக் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒயர்களும் இணைப்புகளும் ஓடுகின்றன. மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் பச்சை பிடித்துக்கொண்டே இருக்கும்.

டிசம்பர் கடைசியில் தொடங்கி ரப்பர் இலை உதிரும். அருமனை, குலசேகரம், திற்பரப்பு பக்கம் தோட்டத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் அந்த இரண்டு மாதமும் வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து, அந்தப் பள்ளத்தில் கையை விட்டு இலையை அள்ளி எடுங்கள். அப்புறம் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பத்து எண்ணுவதற்குள் இரண்டு முன் வீலுக்குப் பின்னாலும் தண்ணீர் ஒழுக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒழுகினால், வளைகிற பிளாஸ்டிக் குழாயைத் துளைக்குள் விட்டு மெதுவாகக் குத்திவிடுங்கள். கதவுகளின் அடி விளிம்பில் இருக்கும் சின்னத் துளைகளுக்கும் இதே வேலை. அதற்கு ஒரு ஈர்க்குச்சி போதும்.